புகையை நிறுக்கும் ஊர்

மெல்பேர்ண்
ஞாயிறு, யூலை 13

அன்பான இரஞ்சிதத்துக்கு,

உன் வீட்டுக்காரன் ஜெயரட்ணம் என் கையாலேயே எழுதுகிறேன். இங்கே மகன் அருந்தவன் வீட்டில் எல்லோரும் சுகம். அங்கே ஊரில் நீயும் மூத்தவளும் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது, கிணற்றடிக்குப் போய் வரும்போது மூச்சு முட்டுகிறதா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளை எழுதியது என்று நினைக்காதே. கிரான்பர்னில் வியாழக்கிழமைகளில் வயதானவர்களின் கூட்டம் ஒன்று நடக்கும், நீயும் இரண்டு தரம் வந்தாய். அங்கே வேதவல்லி ரீச்சர் எழுத்துப் பழக்குகிறார். நீ போன பிறகு நான் போய்ச் சேர்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் எழுத்துப் பழக வந்தவனைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கு எண்பது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு முழுப் பின்னேரம் வேண்டும். ஆனால் எழுதியது வைத்த இடத்திலேயே இருக்கிறது. மறுநாள் வந்து பார்த்தாலும் அதே சொல்லைச் சொல்கிறது. எனக்கு அது இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இத்தனை வருடமும் வீட்டுக்கு வந்த கடிதங்களை நீதான் எனக்கு வாசித்துச் சொன்னாய். எனக்குக் கோபம் வரும் வரிகளை விட்டுவிட்டு வாசித்தாய் என்று இப்போது சந்தேகம் வருகிறது. அப்படிச் செய்திருந்தால் நல்ல வேலைதான் செய்தாய்.

ரெலிபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை அருந்தவன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தப் பக்கத்தில் மூத்தவளின் முகம் பாதி, உன் முகம் பாதி. பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள். சுகமா என்று நான் கேட்பேன், ஓம் என்பாய். நீ கேட்பாய், நான் ஓம் என்பேன். பத்து மாதமாக நாம் பேசியது அவ்வளவுதான்.

நீ புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் அருந்தவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “தம்பி, அந்த அடுப்பு எரியிற வீட்டுக்கு நான் இனித் திரும்பி வரமாட்டன்” என்றாய். நான் இரண்டடி தள்ளி நின்று உன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். கேட்காதவன் போல இன்னொரு முடிச்சுப் போட்டேன். கார்த்திகை முடிவதற்குள் நீ வந்து இறங்காவிட்டால் உன் விசா முடிந்துவிடும், மறுபடி எடுப்பது இலேசான காரியம் இல்லை என்று அருந்தவன் சொல்கிறான். அதை அவன் உன்னிடமும் சொல்லியிருப்பான். அதனால்தான் இந்தக் கடிதம்.

இனிச் செய்தி. அந்த அடுப்பு இப்போது இல்லை. முன் அறையில் நின்ற கறுத்த இரும்பு ஹீற்றரைப் போன மாதம் இரண்டு பேர் வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அது எப்படி நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

வைகாசியில் குளிர் தொடங்கியதும் நான் வழக்கம் போல அதை எரிக்கத் தொடங்கினேன். இரண்டு கிழமையில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. மருமகள் மிருணாளினி வாசித்துச் சொன்னாள். எங்கள் வீட்டுப் புகையால் அயலில் ஒருவருக்குத் தொல்லை என்று முறைப்பாடு வந்திருக்கிறதாம். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்பது வருடம் பேக்கரியில் பாண் சுடும் போறணை அடுப்பு எரித்தவனுக்கு நெருப்பு மூட்டத் தெரியாது என்று ஒருவன் கடிதம் போடுவதா என்று கத்தினேன். அருந்தவன் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு, “அப்பா, உங்கட போறணைக்குப் பக்கத்திலை ஆர் குடியிருந்தவை? பனையும் காகமுந்தானே” என்றான். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் நகரசபையிலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. தெருவின் அந்தப் பக்கத்தில் நின்று, கையில் கொப்பியோடு, எங்கள் புகைக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரில் அரை மணித்தியாலம். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வேலை நேரம் என்று மரியாதையாக மறுத்துவிட்டாள். அதன் பிறகுதான் உள்ளே வந்து ரோர்ச் அடித்து ஹீற்றரின் முதுகைப் பார்த்தாள். அங்கே ஒரு தகடு இருக்க வேண்டுமாம், இல்லை. எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது, குளிர் நாட்களில் புகை மேலே எழும்பாமல் கிணற்றுக்குள் கிடப்பது போலக் கிடக்கும், அதனால் இந்தப் பகுதியில் புகைக்குக் கட்டுப்பாடு கூட என்று சொன்னாள். இதை இனி எரிக்கக்கூடாது, புதிதாக ஒன்று வாங்குவதென்றால் அளவுக்குள் இருப்பதை வாங்க வேண்டும் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் இருந்தும் அவளை மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஒரு வீட்டுப் புகையை நின்று பார்க்க ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஊர் இது.

இன்றைக்கு விரல் நோகிறது. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய்

முறைப்பாடு கொடுத்தது யார் தெரியுமா? பக்கத்து வீட்டு விஜயா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, வீட்டிலிருந்தே கம்பியூட்டரில் வேலை செய்கிறவள். நீ அவளுக்கு முருங்கைக்காய்க் கறி கொடுத்து அனுப்புவாய். நகரசபைப் பிள்ளை வந்துபோன மறுநாள் அவளே வந்து வாசலில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“தாத்தா, கம்ப்ளெயின்ட் குடுத்தது நான்தான். வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே வந்து சொல்லிடணும்னு நெனச்சேன். திட்டறதுன்னா திட்டிக்கோங்க” என்றாள்.

இவ்வளவு நேராக வந்து நிற்கிற ஆளை எப்படித் திட்டுவது? உன் பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையா என்று மட்டும் கேட்டேன். அவள் வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “பாட்டி இங்க இருந்தப்ப பகல் பூரா இருமிக்கிட்டே இருப்பாங்க தாத்தா. என் ரூமுக்குக் கேக்கும். நீங்க ஹீட்டர் பத்த வெச்ச அரை மணி நேரத்துல ஆரம்பிச்சிடும். ரெண்டும் ஒண்ணுதான்னு உங்களுக்குத் தெரியலையான்னு நான் யோசிப்பேன்.”

இரஞ்சிதம், நான் அதைக் குளிர் என்று நினைத்தேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். நீ இருமினாய் என்று இன்னும் இரண்டு கட்டை போட்டேன்.

அன்று அவள் போன பிறகு நான் நெருப்பு மூட்டவில்லை. அருந்தவனிடம் நானே சொன்னேன், இதைக் கழற்றச் சொல்லு, நல்லதாக ஒன்று பார்ப்போம் என்று. அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

அடுப்புக் கடைக்குப் போன கதையைச் சொல்லத்தான் நான் இத்தனை நாளும் துடித்துக்கொண்டிருந்தேன். அருந்தவனும் மிருணாளினியும் நானும் போனோம். பெரிய கடை. ஐம்பது அடுப்பு இருக்கும். கடைக்காரி கிளென்டா என்று ஒரு வெள்ளைக்காரி, அறுபது வயது வரும், கை இரண்டும் என் கை போலச் சூடு பட்டுத் தழும்பேறிய கை. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் முதலில் காட்டியது அடுப்பின் முதுகை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தகடு இருக்கிறது. அதில் ஓர் எண். அது என்ன எண் என்று கேட்டேன். மிருணாளினி கேட்டுச் சொன்னாள்: ஒரு கிலோ விறகு எரிந்தால் எத்தனை கிராம் புகை வெளியே போகும் என்பதாம். எனக்கு விளங்கவில்லை, மறுபடி கேட்கச் சொன்னேன். அவர்கள் புகையை நிறுக்கிறார்கள், இரஞ்சிதம்! ஒரு சோதனைச்சாலையில் வைத்து எரித்து, போகிற புகையில் இருக்கும் தூளை எல்லாம் ஒரு தாளில் பிடித்து, தராசில் வைத்து நிறுக்கிறார்கள். ஒன்றரைக் கிராமுக்கு மேலே போனால் இந்த நாட்டில் எங்கேயும் விற்க முடியாது. எங்கள் பகுதியில் அதிலும் குறைவாகக் கேட்கிறார்கள். நான் நாற்பது வருடம் புகைக்குள் நின்றவன். அதற்கு ஒரு நிறை உண்டு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே. நானே குனிந்து ஒவ்வொரு தகடாக வாசித்துக்கொண்டு போனேன். ஒன்று புள்ளி மூன்று. ஒன்று புள்ளி ஒன்று. கடைசி வரிசையில் ஒரு சின்ன அடுப்பு, புள்ளி ஏழு. அதற்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அருந்தவன் வாசலில் இருந்த பெரியதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், ஓர் ஆள் உள்ளே படுக்கலாம். கிளென்டா அவனிடம் அறையின் நீளம் அகலம் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பெரிய அடுப்பை வாங்கி, வெக்கை கூடிவிட்டது என்று அடக்கி அடக்கி எரிக்கிறவர்கள்தான் ஊரைப் புகைக்கிறார்கள், சின்னதை வாங்கி நன்றாக எரியவிடுங்கள் என்றார். கூடிய விலைக்கு வாங்க வந்த ஆளைக் குறைந்த விலைக்கு இழுக்கிற கடைக்காரியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

பிறகு அந்தச் சின்னதை மூட்டிக் காட்டினார். எப்படி மூட்டினார் என்கிறாய்? பெரிய கட்டை கீழே, அதற்கு மேல் சின்னது, அதற்கு மேல் சுள்ளி, உச்சியில் நெருப்பு. தலைகீழாக. பேக்கரியில் ஒருவன் இப்படி அடுக்கியிருந்தால் முதலாளி மண்வெட்டிப் பிடியால் அடித்திருப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு, இது அணையப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அணையவில்லை. மேலே எரிகிற நெருப்புக்கு ஊடாகத்தான் கீழிருந்து வருகிற புகை போக வேண்டும், போகும்போதே எரிந்துவிடுகிறது.

கண்ணாடிக் கதவுக்குள் கூரையை ஒட்டி ஒரு குழாய், அதில் நிறையச் சின்னத் துளைகள். கொஞ்ச நேரத்தில் அந்தத் துளைகளில் நெருப்புப் பிடித்தது. விறகைத் தொடாமல், மேலிருந்து கீழ்நோக்கித் தொங்குகிற நெருப்பு. அங்கே எரிவது விறகு இல்லையாம், புகையே எரிகிறதாம். சூடான காற்றை அங்கே விட்டுப் புகையை இரண்டாம் தரம் எரிக்கிறார்கள். நான் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் குந்திவிட்டேன். எழும்ப மனம் வரவில்லை. கிளென்டா வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கடையின் புகைக்கூண்டைக் காட்டினார். ஒன்றும் இல்லை. அதன் வாயில் மட்டும் காற்று நடுங்கிக்கொண்டிருந்தது. நகரசபைப் பிள்ளை இதன் எதிரில் நாள் முழுக்க நின்றாலும் கொப்பியில் எழுத ஒரு வரி கிடைக்காது.

நான் ஒரு பையில் நம் விறகுத் துண்டு ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். மருமகளுக்குக் கூச்சம். தெருவோரத்தில் வெட்டிப் போட்ட மரத்தை நீயும் நானும் காரில் ஏற்றி வருவோமே, அதே போல இந்த வைகாசியில் நான் கொண்டுவந்ததில் ஒன்று. கிளென்டா ஈரத்தை அளக்கிற, இரண்டு ஊசி உள்ள ஒரு கருவியை அதில் குத்தினார். நூற்றுக்கு இருபதுக்குக் கீழே வர வேண்டுமாம். நாற்பத்தொன்று காட்டியது. அவர் ஏதோ சொல்ல மிருணாளினி சிரித்தாள். “மாமா, இது விறகில்லையாம், மரக்கறியாம்” என்றாள். வெட்டிப் பிளந்து ஒரு வருடமாவது காற்றாட அடுக்கி வைக்க வேண்டுமாம். நாம் மூன்று கிழமைதான் வைப்போம்.

அப்போது எனக்கும் கொஞ்சம் வீம்பு வந்தது. நான் எரிக்கிற முறையைச் சொல்லு என்று மருமகளிடம் சொன்னேன். முதலில் நன்றாக எரியவிட்டு, இரும்பு சிவக்கச் சூடேறியதும், காற்று வருகிற திறப்பை எல்லாம் இறுக்கி மூடிவிடுவேன், விடியும்வரை சூடு நிற்கும் என்று. கிளென்டா என்னையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே பழகினார் என்று கேட்டார். போறணையைப் பற்றி மிருணாளினி விளக்கிச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்று கேட்டார், மருமகள் அதை அப்படியே சொன்னாள்: “உள்ளுக்குப் பாண் இல்லையே மாமா, பிறகு ஏன் மூடினீங்கள் எண்டு கேக்கிறா.”

போறணையில் விறகை எரித்து முடித்து, தணலை எல்லாம் வெளியே இழுத்து, ஈரச் சாக்கால் துடைத்துப் பாணை அடுக்கிய பிறகுதான் வாயை மூடுவோம். உள்ளே நெருப்பு இருக்காது, கல்லில் சூடுதான் இருக்கும். இங்கே நான் கட்டைகளை உள்ளே வைத்துக்கொண்டே மூடினேன். காற்றில்லாமல் அது எரியவும் முடியாமல் அணையவும் முடியாமல் விடியவிடியப் புகைந்திருக்கிறது. நாற்பது வருடம் செய்த வேலையில் ஒரு படியை மறந்துபோனேன். வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நெருப்பு விஷயத்தில் அப்பாவுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். நீயும் அப்படித்தான் விட்டுவிட்டாய்.

சனி

இடையில் மூன்று நாள் எழுதவில்லை. பேனா இருந்தது, எழுத வந்த விஷயம்தான் கனத்தது.

நேற்று மருமகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனேன். அந்தப் புள்ளி ஏழு அடுப்பைக் கொண்டுவரும் நாளை முடிவு செய்யத்தான் போனது. வாசலில் வைத்து எனக்கு ஒரு கேள்வி வந்தது. கிளென்டாவிடம் கேட்டேன்: தொய்வு வந்து மூச்சு முட்டுகிற ஒரு ஆளின் வீட்டுக்கென்றால் இந்த ஐம்பதில் எதைத் தருவீர்கள் என்று.

அவர் கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். கதிரை ஒன்றை எனக்கு இழுத்துப் போட்டுத் தானும் இருந்தார். மிருணாளினி மெல்ல மெல்லச் சொன்னாள்: “எவ்வளவு நல்ல அடுப்பெண்டாலும் புகை சுத்தமா இல்லை எண்டு ஒண்டும் இல்லையாம். கதவு திறக்கேக்கை கொஞ்சம் வருமாம். அந்த ஆளைக் கேக்காமல் தான் இதை விக்கமாட்டாவாம்.”

விற்கமாட்டேன் என்கிற கடைக்காரி. அந்த இடத்திலேயே எழும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தப்பாக நினைக்கவில்லை.

வழியில் டொக்டர் ஸ்ரீகாந்திடமும் கேட்டோம். உன் பெயரைச் சொன்னதும் நினைவு வைத்திருக்கிறார். கரண்டில் வேலை செய்கிற சூட்டு மெசின்தான் நெஞ்சுக்கு நல்லது என்றார். முன்பு அது நம் அறையில் இருந்தபோது உனக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தது, முழங்கால் குளிர் விடவில்லை என்று நீ சொன்னதையும் சொன்னேன். அதற்கு வழி இருக்கிறது, அறையில் ஈரம் வைக்கலாம் என்றார். நெருப்பின் முன்னால் இருந்தால்தான் முழங்கால் மடங்குகிறது என்று நீ கதிரையை இழுத்துப் போட்டு இருப்பாயே, அதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அது எனக்கும் தெரியும், ஆனால் முழங்கால் மூச்சு விடுவதில்லை என்றார்.

அதனால் வீட்டுக்கு வந்ததும் அருந்தவனிடம் முடிவாகச் சொன்னேன், விறகு அடுப்பே வேண்டாம், கரண்ட் மெசின் ஒன்றைப் பெரிதாகப் போடு என்று. எனக்கு அந்தத் தொங்குகிற நெருப்பு கண்ணுக்குள் நிற்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன். சொன்னதும் நான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

மிருணாளினி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்: “மாமி என்ன சொல்லுறா?”

கேட்கவில்லை என்றேன்.

“அதைத்தானே மாமா கிளென்டாவும் சொன்னவா. அந்த ஆளைக் கேளுங்கோ எண்டு.”

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். நான் போய்ப் பின்கதவடியில் நின்றேன்.

இனி எழுதுவதை நீ தனியே இருந்து வாசி. மூத்தவள் கேட்டால், அப்பா அடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று சொல்லு, பொய் இல்லை.

முதலாளியின் போறணைக்குப் புகைக்கூண்டு இடிந்தபோது இரண்டு தரம் நான்தான் கட்டிக் கொடுத்தேன். கல்லும் சீமெந்தும் மிச்சம் இருந்தது, கொண்டுபோ என்றுகூட அவர் சொன்னார். நம் குசினிக்கு ஒன்று கட்டித் தாருங்கோ என்று நீ கேட்டது அருந்தவன் பிறந்த வருடம். மாரி முடியட்டும் என்றேன். எத்தனையோ மாரி முடிந்தது. நீ இரண்டாம் தரம் கேட்கவில்லை. நீ கேட்காததால் உனக்கு அது தேவைப்படவில்லை என்று இருந்துவிட்டேன்.

நம் குசினி அடுப்பு போன்றதில் ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம் போகும் என்று கிளென்டாவிடம் முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். பத்துக்கு மேல் இருக்கும் என்றார். நேற்றுப் பின்னேரம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நீ ஒரு நாளைக்கு ஐந்து கிலோ விறகாவது எரித்திருப்பாய். நாளுக்கு ஐம்பது கிராம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. வருடத்துக்கு வரும்போது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அதனால் இதை நான் முடிவு செய்யப் போவதில்லை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இந்தக் கடிதத்தில் வைத்துவிட்டேன், ஒரு வரியும் விடவில்லை. ஒரு பக்கம் கரண்ட் மெசின்: நெஞ்சுக்கு நல்லது, டொக்டரும் அதைத்தான் சொல்கிறார், முழங்காலுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். மறு பக்கம் அந்தச் சின்ன அடுப்பு: புள்ளி ஏழு கிராம், காய்ந்த விறகு, காற்றை ஒரு நாளும் மூடமாட்டேன், உனக்கு ஒரு தரம் இருமல் வந்தாலும் அன்றோடு அணைத்துவிடுவேன். இரண்டும் வேண்டாம், வேறு ஏதாவது செய்யுங்கோ என்றாலும் செய்கிறேன். நான் எதை விரும்புகிறேன் என்று யோசித்து எழுதாதே. அதைத்தான் நீ இதுவரைக்கும் செய்துவிட்டாயே.

வேலியடியில் விஜயாவைக் கண்டால், “பாட்டி எப்ப வர்றாங்க?” என்றுதான் கேட்கிறாள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

அருந்தவன் விமான ரிக்கற்றைப் பற்றிக் கேட்டால் கார்த்திகை முதல் கிழமை என்று சொல்லு. இல்லை, நீ எந்த நாளைச் சொல்கிறாயோ அந்த நாள். அப்போது இங்கே வெயில் தொடங்கிவிடும், அடுத்த குளிருக்கு ஆறு மாதம் கிடக்கும். ஆகவே அடுப்பா மெசினா என்பதைக் கடிதத்தில்தான் எழுத வேண்டும் என்று இல்லை. வந்து, ஆறுதலாக இருந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டும் சொல்லலாம். கடைக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஹீற்றர் நின்ற இடத்தில் சுவரில் சதுரமாக ஒரு வெள்ளை அடையாளம் தெரிகிறது. அங்கே புத்தக அலுமாரி வைக்கப் போவதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒன்றும் வைக்க வேண்டாம், அது உங்கள் அப்பம்மாவின் இடம், அவர் வந்து சொல்லட்டும் என்று தடுத்து வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் இந்த இடம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

உன் மூச்சு தடையில்லாமல் வர வேண்டும், காலையும் மாலையும் அதையே கும்பிடுகிறேன்.

உன்னைக் கேட்டுக்கொண்டு நிற்கும்,
ஜெயரட்ணம்